கதவு ஒன்று, அடுப்பு இரண்டு

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை வந்த பேப்பர் புதன்கிழமை காலையிலும் ஹால் மேஜை மேலேயே கிடந்தது. வருகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று பரத்வாஜ் விட்டு வைத்திருக்கலாம். நீரஜா அதைத் தொடாமல் சுற்றிலும் துடைத்தாள்.

'612 போலி ரேஷன் கார்டுகளைப் பிடித்த கம்ப்யூட்டர் எம்.எல்.ஏ.!'

படத்தில் அவன் கம்ப்யூட்டர் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் போலச் சிரித்தான். முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான். அதற்கு உறை தைத்தவள் நீரஜா. படம் எடுத்தபோது அவளும் அருகில்தான் இருந்தாள். "மேடம், கொஞ்சம் தள்ளிக்குங்க, நிழல் விழுது" என்றார் போட்டோகிராபர். தள்ளிக்கொண்டாள்.

இந்த வீட்டை முதல் வாரத்திலிருந்து பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் நல்ல வேலையை உதறிவிட்டுக் கட்சியில் சேர்ந்தவன் பரத்வாஜ். போன வருஷம், முப்பத்திரண்டு வயதில், மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகர்க் கடற்கரை வரை நீளும் தொகுதியில் ஜெயித்தான். சட்டசபையில் மற்றவர்கள் தண்ணீரையும் சாலையையும் பேசியபோது இவன் கம்ப்யூட்டரைப் பேசினான். சிலர் சிரித்தார்கள். மேலிடம் மட்டும் சிரிக்கவில்லை. "உன் தொகுதியிலேயே செஞ்சு காட்டு" என்றது. கார்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் போலிகளை விலக்கும் சோதனைத் திட்டம் அப்படித்தான் இந்த வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. புரோகிராம் எழுத ஆள் வேண்டியிருந்தது. தி. நகர் கம்பெனியில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த மனைவி நீரஜா, அந்த வேலையை விட்டுவிட்டு இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

இன்று மாலை ஐந்து மணிக்கு தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. அமைச்சர் வருகிறார். ஒண்ணாம் தேதியிலிருந்து இந்தத் திட்டம் நகரம் முழுக்க என்று அறிவிக்கப் போகிறார். அதற்கென்று அமையும் வாரியத்துக்குத் தலைவர் பரத்வாஜ் என்பது மேடைக்கு வெளியே எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

வேட்டிக்குக் கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, நாற்காலி முதுகில் விரித்தாயிற்று. மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கேட்டில் யாரோ தட்டினார்கள்.

"யம்மா! எம்.எல்.ஏ. வூடு இதானே?"

ஐம்பது வயது இருக்கும். தலையில் பிளாஸ்டிக் உறையைக் கவிழ்த்துக்கொண்டு, கழுத்தில் சிலுவை தொங்க ஒரு பெண்மணி. நீரஜா கேட்டைத் திறந்தாள்.

"உள்ள வாங்க, நனையறீங்களே."

"இருக்கட்டும்மா. கூடை கொண்டாரல, பயந்துக்காதே. கடல்ல எறங்கி எட்டு நாளாச்சு, புயல்னு கொடி ஏத்தி வச்சிக்கீறான். என் மேல இப்ப மீனு வாசன கூட கெடையாது." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "எஸ்தரும்மா என் பேரு. பெசன்ட் நகராண்ட குப்பம்."

இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ரேஷன் கார்டு. அட்டையின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. கோட்டின் மேல் 'ரத்து' என்ற முத்திரை.

"சின்னவன் சூசையோட கார்டு. கடக்காரன் வாங்கிப் பாத்துக்கினு, கம்ப்யூட்டர்ல உம் புள்ள பேரு திருட்டுப் பேருன்னு வந்துக்கீதுன்றான். தொழிலுக்குப் போக முடியாத நேரத்துல அரிசி இல்ல, கிருஷ்ணாயில் இல்ல. இது இன்னா நாயம்?"

நீரஜாவின் விரல்கள் அட்டையைத் திருப்பின. தகப்பனார் பெயர் மரியதாஸ்.

"இதே வீட்டுல இன்னொரு கார்டு இருக்கா?"

"கீதே! பெரியவன் ஜான்சனுது. ரெண்டு அடுப்பு எரியுது, ரெண்டு கார்டு கீது." இதில் என்ன கேள்வி என்பது போலப் பார்த்தாள் எஸ்தர். "கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் ஜான்சனுக்குத் தனி ஒல வச்சுக் குடுத்தேன். எங்க ஜனத்துல அப்டித்தான். சண்ட கிண்ட இல்ல, சண்ட வராம இருக்கத்தான். வேற வூடு கட்ட எடம் எங்க கீது? நடுவுல ஒரு தட்டி வச்சுக்கினோம். இந்தப் பக்கம் நானு, சூசை, அவன் பொண்டாட்டி. அந்தப் பக்கம் பெரியவன் குடும்பம்."

"உங்க ஒரு வீடு மட்டுந்தானா?"

"நாப்பத்தேழு கார்டும்மா, எங்க குப்பத்துல மட்டும். ஒரு அப்பனுக்குப் பொறந்தவன் ஒரே வூட்டுல ரெண்டு கார்டு வச்சிருந்தா திருடன்னு கம்ப்யூட்டரு சொல்லுதாம். ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டரு என்னிக்காவது எங்க வூட்டுக்கு வந்து குந்தி ஒரு வாய் சாப்ட்டுப் பாத்துச்சா?"

சொன்னது கம்ப்யூட்டர் இல்லை என்று நீரஜாவுக்கு வாய் வரை வந்தது.

"சாயந்தரம் மந்திரி வர்றாராமே. மனு குடுத்தா ஐயா கோச்சுக்குவாரான்னு கேட்டுக்கினு போலாம்னுதான் வந்தேன்."

"கோச்சுக்க மாட்டார். கொடுங்க."

"நீ சொன்னா சரி." எஸ்தர் அட்டையை மறுபடி பையில் சுற்றினாள். "நீ இன்னாம்மா இப்டி வேர்த்துக்கினு நிக்கிற, மழையில?"

*

பதினொரு வரிதான் அந்த விதி. கதவிலக்கம் ஒன்று, குடும்பத் தலைவரின் தகப்பனார் பெயரும் ஒன்று என்றால், இரண்டாவது கார்டு போலி.

அதை எழுதிய அன்று அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொன்னதில்லை. வெறும் கதவிலக்கத்தை மட்டும் பார்த்தால் ஒண்டுக்குடித்தனக்காரர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொள்வார்கள். மயிலாப்பூரில் ஒரு கதவுக்குள் ஏழு குடித்தனம் இருக்கும். அதனால்தான் தகப்பனார் பெயரைச் சேர்த்தாள். குடித்தனக்காரர்கள் தப்பினார்கள். ஒரே குடும்பத்துக்குள் இரண்டு கார்டு வைத்து ஏமாற்றுகிறவர்கள் மட்டும் விழுந்தார்கள். "யாருக்கும் அநியாயம் இல்லை, நீரு. பிரமாதம்!" என்று பரத்வாஜ் அவள் கன்னத்தைத் தட்டினான். அந்தத் தட்டலோடு இரண்டு நாள் நடந்தாள்.

இப்போது கம்ப்யூட்டரைப் போட்டாள். குப்பத்துப் பக்கத்தைத் திறந்தாள். ஜான்சன், மரியதாஸ் மகன். சூசை, மரியதாஸ் மகன். கதவிலக்கம் ஒன்று. அதற்குக் கீழே இன்னொரு ஜோடி, அதற்கும் கீழே இன்னொன்று. நாற்பத்தேழையும் அச்சுக்கு அனுப்பினாள். ஈரக்காற்றில் நமுத்துப்போன தாள் பிரிண்டருக்குள் சிக்கிச் சிக்கி நகர்ந்தது.

அச்சு ஓடிக்கொண்டிருக்க, அவள் விரல்கள் தாமாகவே வேறொரு தெருவுக்குப் போயின. அவர்கள் தெருவுக்கு.

பரத்வாஜ், வீரராகவன் மகன், கதவிலக்கம் 14.

ஸ்ரீரங்கன், வீரராகவன் மகன், கதவிலக்கம் 14-ஏ.

இந்தத் தெருவில் 14-ஏ என்று ஒரு வீடு கிடையாது. பதிமூன்று உண்டு, பதினாலு உண்டு, அடுத்தது பதினைந்து.

மூன்று வாரத்துக்கு முன் வந்த முதல் பட்டியலில் அறுநூற்றுப் பதிமூன்று பெயர்கள் இருந்தன. அறுநூற்றுப் பதிமூன்றாவதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. மாடியில் இருக்கும் மைத்துனர், பரத்வாஜின் அண்ணன், கல்லூரியில் கணக்குச் சொல்லித் தரும் ஸ்ரீரங்கன், போலியாம்! அடுத்த கணம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. பதினாலுக்குப் பக்கத்தில் ஒரு எழுத்தைச் சேர்த்தாள். விருந்தாளி வருவதற்குள் சிந்திய காப்பியைத் துடைப்பது போல, அவ்வளவு சாதாரணமாகச் செய்து முடித்தாள்.

அவர்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரிவது வெளியே யாருக்கும் தெரியாது. பரத்வாஜ் கட்சியில் சேர்ந்த அன்று, "இந்த ஆத்து அடுப்புல கட்சிக்காராளுக்குக் காப்பி கலக்கப்படாது" என்றார் ஸ்ரீரங்கன். "அப்ப எனக்குத் தனி அடுப்பு வேணும்" என்றான் இவன். மறுவாரம் ஸ்ரீரங்கனே மாடிக்குப் போனார்; அங்கே ஒரு காஸ் அடுப்பு வந்து இறங்கியது. அதோடு அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. தேர்தல் நோட்டீசில் மட்டும் 'கூட்டுக் குடும்பத்தின் செல்லப்பிள்ளை' என்று அச்சடித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வரும் நாட்களில் ஸ்ரீரங்கனின் மனைவி, மன்னி, கீழே வந்து நீரஜாவின் சமையலறையில் கரண்டியோடு நிற்பாள். படம் எடுத்ததும் மாடிக்குப் போய்விடுவாள்.

தன் வீட்டுப் பெயர் பட்டியலில் வந்தபோது, விதி தப்பு என்று ஏன் தோன்றவில்லை? இதைத்தான் நீரஜா இப்போது தன்னைக் கேட்டுக்கொண்டாள். தோன்றியதெல்லாம் வெட்கம். வெட்கத்தை மறைத்த கையோடு கேள்வியும் மறைந்து போயிற்று. வெட்கப்பட எதுவும் இல்லாத எஸ்தர் 'ரெண்டு அடுப்பு எரியுது' என்று நடுவாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பிரிண்டர் நின்றது. அவள் தாளைக் கிழித்து, இரு ஓரத்திலும் இருந்த ஓட்டைப் பட்டையை மெதுவாக, அவசரமே இல்லாதவள் போல, உரித்துக்கொண்டிருந்தாள்.

*

பரத்வாஜ் ஒரு மணிக்கு வந்தான். இலையில் உட்கார்ந்தபடியே பேச்சை மனப்பாடம் செய்தான். ரசஞ்சாதம் வரை பொறுத்தாள். பிறகு சொன்னாள், எஸ்தரிடமிருந்து தொடங்கி. குப்பத்துத் தனி உலையைச் சொன்னாள், நாற்பத்தேழைச் சொன்னாள். தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. ஆனால் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நாப்பத்தேழு குப்பத்துல. மீதி?"

"தெரியலை. பாதியாவது இப்படித்தான் இருக்கும்."

"சரி. ஒண்ணும் தலை போற காரியமில்லை. விழா முடியட்டும். நானே ஆபீசருக்குச் சொல்லி ஒவ்வொண்ணா திருப்பிக் குடுத்துடறேன்."

"இன்னிக்கு மேடையில என்ன சொல்லப் போறேள்?"

"இருக்கறதைத்தான்."

"ஒண்ணாம் தேதி இதே புரோகிராம் ஊர் பூரா ஓடப் போறது. ஊர்ல எத்தனை குப்பம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

"நீரு," என்றான், குரலைத் தணித்து. "இந்த வாரியம் கிடைச்சாத்தான் என்னால எதையும் திருத்த முடியும். இன்னிக்கு மேடையில நின்னு தப்புன்னு சொன்னேன்னு வச்சுக்கோ, நாளைக்கு என்னை யார் உள்ள விடுவா? அதுவும் போகட்டும். விதியை எழுதினது யாருன்னு கேப்பா. பெண்டாட்டின்னு சொல்லணும். நன்னா இருக்குமா?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது குத்தியது.

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள். 14-ஏவைச் சொன்னாள்.

பரத்வாஜின் கை இலையில் நின்றது. மாடியில் பாத்திரம் உருளும் ஓசை கேட்டது. மன்னி சாப்பிட்ட பாத்திரங்களை ஒழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

கல்யாணமான புதிதில் எதைச் சொன்னாலும் 'ஏன்?' என்று கேட்பான். பால் திரிந்துவிட்டது என்றால்கூட ஏன் என்று கேட்டு அவளைச் சிரிக்க வைப்பான். அந்தச் சொல் அவன் வாயிலிருந்து எந்த மாதம், எந்த நாள் கழன்று விழுந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"யாருக்கும் தெரியாது" என்றாள்.

"அப்ப விடு." மோர் விட்டுக்கொண்டான். "நாலரைக்கு வண்டி வரும். முன் வரிசையில குடும்பத்துக்கு நாற்காலி போட்டிருக்கா. அந்த அரக்குப் புடவையைக் கட்டிக்கோ."

*

மூன்று வருஷத்தில் அவள் மாடிப்படி ஏறியது பண்டிகை நாட்களில் மட்டும்தான். ஸ்ரீரங்கன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே பேசினார்.

"வா. என்ன, ராத்திரி சமையல்கட்டுல நிக்க இவ வேணுமா? பத்திரிகைக்காரா வராளா?"

"இல்லை அண்ணா. உங்க ரேஷன் கார்டு வேணும்."

இப்போது நிமிர்ந்தார். நீரஜா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடினார்.

"ஆக, நான் போலி."

"உங்க பேர் வந்திருந்தது. நான்தான் எடுத்தேன்."

"என்னத்துக்கு எடுத்தே? அப்படியே விட்டிருந்தா நான் கோர்ட்டுக்குப் போயிருப்பேன். உன் விதி அன்னிக்கே உடைஞ்சிருக்கும்." விடைத்தாளைத் தட்டினார். "பையன் தப்பாப் போட்டான்னா வட்டம் போடுவேன். சரியான விடையைப் பக்கத்துல எழுதிட்டு அவனுக்கு மார்க் குடுக்கறது என் பழக்கம் இல்லை."

"தெரியும் அண்ணா."

"கார்டை வச்சுண்டு என்ன பண்ணப் போறே?"

"மனு கொடுக்கப் போறேன்."

"யாருக்கு? அவனுக்கா?" சிரித்தார். அந்தச் சிரிப்பில் வேடிக்கை இல்லை. "அவன் கையால வாங்கிப்பானா? வாங்கி, வாயால படிப்பானா? இந்த ஆத்துல ரெண்டு அடுப்புன்னு ஊரறிய அவன் ஒரு தரம் சொல்லட்டும். சொன்னான்னா நான்..." முடிக்கவில்லை. பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்துக்கொண்டார். "தர மாட்டேன். என் பேரைச் சந்திக்கு இழுக்காதே."

நீரஜா படியிறங்கினாள். பாதிப் படியில் பின்னாலிருந்து மெட்டி ஒலி வந்தது. மன்னி, முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கார்டை நீட்டினாள்.

"மன்னி, அண்ணாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியும். கார்டு வச்சிருக்கற அரிசி டின்னை நான் திறந்த சத்தம் கேட்டுண்டுதான் இருந்தார். ஒண்ணும் சொல்லலை." மன்னி அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "மூணு வருஷமா யாராவது வந்தா கீழ வந்து உன் அடுப்பு முன்னாடி நின்னுண்டிருக்கேன், நீரு. கால் வலிக்கறது."

*

புரோகிராம் எழுதும் கை, தாளில் மனு எழுதத் திணறியது. நான்கு தாள் கிழித்தாள்.

பரத்வாஜ் மனு வாங்கும் முறை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். மனுவை வாங்கி உதவியாளரிடம் தள்ளிவிட மாட்டான். முதல் இரண்டு வரியை மைக்கில், கூட்டமறிய உரக்கப் படிப்பான். அதற்கு மேல் படிக்க நேரம் இருக்காது. எனவே சொல்ல வேண்டியது இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும்.

*எங்கள் வீட்டில் கதவு ஒன்று, அடுப்பு இரண்டு.*

*எங்களைப் போன்ற 612 குடும்பங்களின் கார்டு ரத்தானது. எங்களுடையது ரத்தாகாதபடி மாற்றியவள், விதியை எழுதிய நானே.*

கீழே, குப்பத்துப் பட்டியல். அதற்கும் கீழே, எங்கள் கார்டை ரத்து செய்யுங்கள், அல்லது அவர்களுடையதைத் திருப்பிக் கொடுங்கள், நகரத்துக்கு இந்த விதியை அனுப்பாதீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டு கார்டுகளையும் தாளின் பின்புறம் குத்தினாள். அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

காரில் பரத்வாஜ் பேச்சுத் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தான். பாண்டி பஜார் நெரிசலில் கார் நின்றபோது, சம்பந்தமில்லாமல், "அந்த அம்மா பேர் என்ன சொன்னே?" என்றான்.

"எஸ்தர்."

தலையசைத்துக்கொண்டான். அவ்வளவுதான்.

மண்டபத்தில் ஈரக்குடைகளும் மல்லிகைப் பூவும் சேர்ந்து வாசனை அடித்தது. பரத்வாஜ் நன்றாகப் பேசினான். கம்ப்யூட்டர் வந்தால் ஏழை வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்றான். ஊருக்கு ஊர் ஒரு கம்ப்யூட்டர் வரும் காலம் தூரத்தில் இல்லை என்றான். கைதட்டினார்கள். நீரஜா தன் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு அந்த எண்ணுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. 'நன்றி வணக்கம்' என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். அறுநூற்றுப் பன்னிரண்டு என்று அவன் சொல்லவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை.

அவள் கைப்பை மேலிருந்த பிடியைத் தளர்த்தினாள். ஒரு கணம், இது போதுமோ என்றுகூட இருந்தது.

அமைச்சர் மைக்கைப் பிடித்தார். "தம்பி ரொம்ப அடக்கம்! சொல்ல வேண்டிய கணக்கைச் சொல்லாமலே உக்காந்துட்டாரு. நான் சொல்றேன். அறுநூத்திப் பன்னெண்டு போலி! வர்ற ஒண்ணாந்தேதிலேர்ந்து மெட்ராஸ் பூரா... மன்னிக்கணும், சென்னை பூரா இந்த வேட்டை நடக்கப் போவுது. நடத்தப் போறவரு யாரு தெரியுமா? இதோ, இந்தத் தம்பிதான்!"

மண்டபம் அதிர்ந்தது. பட்டாசு கூட வெடித்தது. மேடையில் பரத்வாஜ் எழுந்து கும்பிட்டான். பிறகு அவனும் சேர்ந்து கைதட்டினான்.

நீரஜா எழுந்தாள்.

மேடையின் இடப்பக்கம் மனு கொடுப்பவர்களின் வரிசை சுவரோரமாக வாசல் வரை நின்றது. நடுவில் எஸ்தர் தெரிந்தாள். நீரஜா போய் அவளுக்குப் பின்னால் நிற்கப் போனபோது, அங்கே இருந்தவர் மேடைப் பக்கம் பார்த்து, புடவையைப் பார்த்து, வழிவிட்டார்.

"இன்னாம்மா நீ இங்க வந்து நிக்கிற? நாற்காலி அந்தாண்டல்ல போட்டுக்கீது!"

"நானும் மனு குடுக்கணும்."

"வூட்லயே குடுத்துக்கலாமே!" எஸ்தர் சிரித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினாள். "அங்க குடுத்தா படிக்க மாட்டாரா?"

எஸ்தர் தன் சொரசொரத்த உள்ளங்கையால் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் நகர்த்தினாள். "வா, வா. வரிசை போவுது."

மேடை விளிம்பில் அமைச்சர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் நின்று, குனிந்து, ஒரு கையில் மைக்கும் மறுகையில் மனுவுமாக பரத்வாஜ் படித்துக்கொண்டிருந்தான். முதல் பத்துப் பேரைப் பார்த்துக் கும்பிட்டான். முப்பதைத் தாண்டியதும் அவன் பார்வை தாளை விட்டு எழவில்லை. கை மட்டும் நீண்டது, வாங்கியது, படித்தது, அமைச்சரிடம் கொடுத்தது. அமைச்சர் பச்சை மையில் கிறுக்கினார்.

எஸ்தரின் மனுவையும் அப்படித்தான் படித்தான். "என் மகன் சூசையின் குடும்ப அட்டை தவறாக ரத்து செய்யப்பட்டு..." அங்கே அவன் குரல் ஒரு கணம் தடுக்கிற்று. "பரிசீலிக்கலாம்" என்றார் அமைச்சர். பச்சைக் கிறுக்கல். எஸ்தர் இறங்கினாள். போய்விடவில்லை. ஓரமாக நின்றாள்.

அவன் கை மறுபடி நீண்டது. நீரஜா அதில் தாளை வைத்தாள்.

"எங்கள் வீட்டில் கதவு ஒன்று, அடுப்பு இரண்டு" என்று படித்தான்.

பழகிய, தெளிவான குரல். ஒலிபெருக்கி அதைக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே யாரோ சிரித்தார்கள்.

பிறகுதான் அவன் கண் எழுத்தில் நின்றது. இடப்பக்கம் சாயும் எழுத்து. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் அந்த எழுத்தில் பதினேழு கடிதங்கள் அவனுக்கு வந்திருந்தன. தாளை மெல்லத் திருப்பினான். இரண்டு கார்டுகள். இரண்டிலும் ஒரே கதவு, ஒரே அப்பா. மேலே இருந்தது அண்ணனுடையது.

அவன் நிமிர்ந்தான்.

கோபத்தைத்தான் அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. உதடு மட்டும், மைக்குக்கு எட்டாமல், ஒரு சின்னச் சொல்லை உருவாக்கியது. வெகு நாளாக அவள் கேட்காத சொல்.

ஏன்?

"என்ன தம்பி, நிறுத்திட்டீங்க?" அமைச்சர் பச்சைப் பேனாவோடு திரும்பினார். "ஏதோ விடுகதை மாதிரி இருக்குதே. மேல படிங்க."

எஸ்தர் ஓர் அடி முன்னால் வந்தாள்.

மைக் இன்னும் அவன் கையில்தான் இருந்தது. படிக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரி.